கலீபாவுக்கு எவ்வளவு சம்பளம்?

தரம் பத்துக்குக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். உள்ளூராட்சி மன்றங்கள் பற்றிய பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு வழமையாகக் கொட்டாவிதான். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்து முடிந்த பிறகு அந்தப் பாடத்தை எடுத்தபோது மட்டும் வகுப்பு கொஞ்சம் விழிப்பாக இருந்தது. சோனகத் தெருப் பக்கம் மதில்களில் ஒட்டிய முகங்கள் அப்போதும் முழுதாக உரியவில்லை. பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, மேயருக்கு எவ்வளவு சம்பளம் சேர் என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பாடநூலில் மாநகர சபையின் கடமைகள் இருக்கின்றன, குழுக்கள் இருக்கின்றன, வருமான மூலங்கள் இருக்கின்றன. அவன் கேட்ட விடயம் மட்டும் இல்லை.

நான் சொன்ன பதில் இதுதான். முதலாவது, அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, கொடுப்பனவு. இரண்டாவது, யாழ்ப்பாண மாநகர சபை அதைத் தீர்மானிப்பதில்லை. 1949இல் மாநகர சபையாகத் தரமுயர்ந்த நமது சபையில் முன்பு 23 உறுப்பினர்கள் இருந்தார்கள். புதிய தேர்தல் முறை வந்த 2018இல் அது 45 ஆகியது. அந்த 45 பேரும் ஒன்றாகக் கை உயர்த்தினாலும் தங்களுடைய கொடுப்பனவை ஒரு ரூபாவால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மேயருக்கு இவ்வளவு, பிரதி மேயருக்கு இவ்வளவு, உறுப்பினருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் சுற்றறிக்கை வழியாக நாடு முழுவதுக்கும் ஒரே அளவாக வைக்கிறது. உறுப்பினர் ஒருவருக்குக் கிடைப்பது ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு அடிபட்டுக் கொண்டு கேட்கிறார்கள் என்று முன்வாங்கில் ஒரு பிள்ளை கேட்டாள். மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளைக்கு நான் ஒரு மனிதரின் கதையோடு போனேன். அதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அநேகமாக எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம்தான். ஆனால் ஜும்ஆ பயான்களில் கேட்கும்போது அதிலே ஒரு பகுதி எப்போதும் விடுபட்டுப் போகிறது என்பது எனது அபிப்பிராயம்.

மக்காவில் குறைஷிக் கோத்திரத்தின் தைம் கிளையில் பிறந்தவர் அப்துல்லாஹ். நாம் அறிந்த பெயர் அபூபக்ர் ஸித்தீக் (ரழி). நபி (ஸல்) அவர்களைவிட இரண்டு வயதுக்குச் சற்று அதிகமாக இளையவர். தொழில் பிடவை வியாபாரம். இஸ்லாத்தை ஏற்ற நேரத்தில் அவர் கையில் 40,000 திர்ஹம் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மக்காவின் பெருந்தனவந்தர் வரிசை இல்லாவிட்டாலும் நல்ல வசதி. அந்தப் பணம் எங்கே போனது என்பதும் பதிவாகியிருக்கிறது. எசமானர்களின் வதைக்குள் கிடந்த பிலால் (ரழி), ஆமிர் இப்னு புஹைரா (ரழி) போன்ற அடிமைகளை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். பலமில்லாதவர்களையும் பெண்களையும் வாங்கி விடுவதைவிட, நாளை உனக்குத் துணை நிற்கக்கூடிய வாட்டசாட்டமான ஆட்களை வாங்கலாமே என்று அவருடைய தகப்பனார் அபூகுஹாபா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வியாபாரியின் தகப்பனுக்கு வருகிற நியாயமான யோசனைதான். மகன் கேட்கவில்லை.

ஹிஜ்ரத் புறப்பட்ட நாளில் மிஞ்சியது சுமார் 5,000 திர்ஹம். அதையும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டார். பார்வையிழந்த அபூகுஹாபா பேத்தி அஸ்மா (ரழி) அவர்களிடம் வந்து, உன் வாப்பா தானும் போய்ப் பணத்தையும் கொண்டு போய்விட்டாரே என்று மனம் வருந்தினார். அஸ்மா சுவர் மாடத்தில் கற்களை அடுக்கித் துணியால் மூடி, கிழவரின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். இவ்வளவு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றதும் அவர் ஆறுதலடைந்தார். 1990 ஒக்டோபரில் எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. கையில் ஒன்றுமில்லாமல் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் கிழமைகளில் எங்கள் உம்மம்மாவுக்கு உம்மா சொன்ன பொய்களும் இந்தக் கற்களைப் போன்றவைதான். இந்த இடம் வந்தால் வகுப்பில் எனக்குக் குரல் கொஞ்சம் அடைக்கும். அதை விடுவோம்.

மதீனாவுக்கு வந்தும் அவர் தொழிலை விடவில்லை. நகரின் மேற்புறத்தில் ஸுன்ஹ் என்ற இடத்தில் குடும்பம் இருந்தது. சந்தைக்குப் போவார், வருவார். நபி (ஸல்) அவர்களின் கடைசிக் காலத்தில்கூடச் சிரியாவின் புஸ்ரா வரைக்கும் வியாபாரப் பயணம் போயிருக்கிறார். தபூக் யுத்தத்துக்கு நிதி கேட்கப்பட்டபோது வீட்டிலிருந்ததை எல்லாம் கொண்டு வந்து வைத்தார். உழைப்பதும் கொடுப்பதும் ஒரே மூச்சில் நடந்த வாழ்க்கை அது. தனக்கென்று ஒரு தொழில் இருந்ததால்தான் பிறர் கையை எதிர்பாராமல் கொடுக்க முடிந்தது.

ஹிஜ்ரி 11இல், கிறிஸ்து வருடம் 632இல், நபி (ஸல்) அவர்கள் வபாத்தானார்கள். பனூ ஸாஇதா கூடத்தில் அன்ஸாரிகளும் முஹாஜிர்களும் கூடிப் பேசினார்கள். வாதப் பிரதிவாதம் காரசாரமாகவே நடந்தது. முடிவில் அபூபக்ர் (ரழி) அவர்களிடம் பைஅத் செய்தார்கள். மறுநாள் பள்ளிவாசலில் பொது பைஅத். மகனுக்கு வாரிசுரிமையாக வந்த பதவி அல்ல அது. ஊர் கூடிக் கொடுத்த பதவி. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் நான் வகுப்பில் சொல்ல விரும்பிய பகுதி. கலீபாவான மறுநாள் காலையில் வழமைபோலத் தோளில் பிடவைக் கட்டைப் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டார். வழியில் உமர் (ரழி) அவர்களும் அபூஉபைதா (ரழி) அவர்களும் கண்டார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். சந்தைக்கு என்றார். முஸ்லிம்களின் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கும்போது சந்தைக்கா என்றார்கள். அப்படியென்றால் என் குடும்பத்துக்கு நான் எங்கிருந்து சாப்பாடு போடுவது என்று திருப்பிக் கேட்டார் அவர். இன்னொரு அறிவிப்பின்படி ஆறு மாதம் வரைக்கும் ஆட்சியையும் வியாபாரத்தையும் சேர்த்தே பார்த்தார். பிறகுதான் இரண்டும் ஒன்றாகச் சரிவராது என்று உணர்ந்து சந்தையை விட்டார். இரண்டில் எதை எடுத்தாலும் விடயம் ஒன்றுதான். ஓர் ஊர் தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த அவசரத்தில் அவர் வீட்டு அடுப்பை மறந்துவிட்டது. அதைக் கூச்சப்படாமல் நினைவுபடுத்தியவர் அவரே.

நிர்ணயம் எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். அவரே பொதுநிதியைத் திறந்து தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பொருளாளராக இருந்த அபூஉபைதா (ரழி) அவர்களிடம் உமர் (ரழி) கூட்டிப்போனார். முஹாஜிர்களில் ஒரு சாதாரண மனிதரின் தேவை எவ்வளவு என்று பார்த்தார்கள். அவர்களில் உயர்ந்தவரின் அளவும் இல்லை, தாழ்ந்தவரின் அளவும் இல்லை, நடுவிலே ஒன்று. ஒரு நாளைக்கு அரை ஆடு. கோடைக்கு ஓர் உடுப்பு, குளிருக்கு ஓர் உடுப்பு. உடுப்பு பழசாகிவிட்டால் பழையதைக் கொண்டு வந்து ஒப்படைத்துவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும். பாடசாலைப் பொருட்பதிவேட்டில் உடைந்த கதிரைக்குக் கணக்குக் காட்டிப் பழகிய எங்களுக்கு இது நன்றாக விளங்கும்.

காசாக வருடத்துக்கு 2,000 திர்ஹம் வைத்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அதிலேதான் பயான்களில் விடுபடும் செய்தி இருக்கிறது. இது போதாது, எனக்குக் குடும்பம் இருக்கிறது, என்னை வியாபாரம் செய்யவும் விடாமல் வைத்திருக்கிறீர்கள், கூட்டித் தாருங்கள் என்று அபூபக்ர் (ரழி) கேட்டார். 500 கூட்டினார்கள். ஆக 2,500. பிற்பாடு உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் பதிவேடு போட்டு மானியம் பகிர்ந்தபோது பத்ரில் கலந்துகொண்ட முஹாஜிர் ஒவ்வொருவருக்கும் 5,000 கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 2,500இன் அளவு தெரியும்.

பொதுச் சேவை என்றால் சம்பளம் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று நம் சமூகத்தில் ஓர் எண்ணம் இருக்கிறது. பள்ளிவாசல் முஅத்தினிலிருந்து நகர சபை உறுப்பினர் வரை அதே எதிர்பார்ப்புத்தான். இந்த உம்மத்தில் நபிமார்களுக்குப் பிறகு சிறந்தவர் என்று நாம் நம்புகிற ஒருவர் போதாது என்று சொல்லிக் கூட்டிக் கேட்டிருக்கிறார். என் குடும்பம் இனி இந்தப் பொதுப் பணத்தில் சாப்பிடும், நான் அதற்கு ஈடாக முஸ்லிம்களுக்காக உழைப்பேன் என்ற கருத்தில் அவர் பேசியதை ஆயிஷா (ரழி) வழியாக வந்த ஹதீஸ் சொல்கிறது. வேலையும் கூலியும் என்று வெளிப்படையாகப் பேசிய பேச்சு.

எங்கள் சாச்சா ஒருவர் இடம்பெயர்ந்த பிறகு பிடவை வியாபாரம் செய்து கொஞ்சம் நிமிர்ந்தார். நல்ல மனிதர் என்று ஊர் சேர்ந்து தேர்தலில் நிறுத்தியது. வென்றார். எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். வென்ற நாளிலிருந்து கடைக்குத் துணி வாங்க வந்தவர்களைவிடக் கடிதம் வாங்க வந்தவர்கள் அதிகம். காலையில் கூட்டம், பகலில் மையித்து வீடு, பின்னேரம் வடிகால் பிரச்சினை. கல்லாவில் நின்ற பையன் வேறு கடைக்குப் போய்விட்டான். சபையில் கிடைத்த கொடுப்பனவு அவருடைய மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கும் கலியாண வீட்டு மொய்க்கும் சரியாகப் போயிற்று. நான்கு வருடத்தில் கடை பூட்டியாகிவிட்டது. ஒப்பந்தகாரர்கள் வீட்டுக்கு வந்து போனார்கள் என்று ஊர் பேசியது. அவர் எடுத்தாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டி வந்திருக்கும். கடன் மட்டும் இருந்தது என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

கொடுப்பனவு சிறிதாக இருந்தால் செலவு மிச்சம் என்று ஊர் நினைக்கிறது. அப்படிப்பட்ட கதிரைக்கு வரக்கூடியவர்கள் இரண்டு வகையினர்தான். ஒன்று, ஏற்கெனவே வசதி உள்ளவர்கள். மற்றது, வேறு வழியில் எடுத்துக்கொள்ளத் தயங்காதவர்கள். முற்காலத்தில் யாழ்ப்பாணச் சபைகளில் பிரக்டர்மாரும் பெரிய வியாபாரிகளும் நிறைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இங்கிலாந்திலும் இதே பிரச்சினை இருந்தது. பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்று சார்ட்டிஸ்ட் இயக்கத்துத் தொழிலாளர்கள் 1838இல் கோரிக்கை வைத்தார்கள். ஏழை ஒருவர் அங்கே போய் இருக்க முடியாது என்பதுதான் அவர்களின் வாதம். அது நிறைவேற 1911 வரை செல்ல வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் வருடத்துக்கு 400 பவுண் என்று வைத்தார்கள். மதீனாவில் அதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

சம்பளம் வந்த பிறகும் மனிதர் மாறவில்லை. ஸுன்ஹில் இருந்த காலத்தில் அக்கம்பக்கத்து வீடுகளின் ஆடுகளுக்கு அவர்தான் பால் கறந்து கொடுப்பார். கலீபாவாகிவிட்டார், இனி நம் ஆட்டுக்குப் பால் கறக்க வரமாட்டார் என்று ஒரு சிறுமி சொன்னது அவர் காதில் விழுந்தது. இல்லை, கறந்து தருவேன் என்றார். தந்தார்.

ஆட்சியோ லேசானதாக இருக்கவில்லை. ஸகாத் தரமாட்டோம் என்று கோத்திரங்கள் கிளம்பின. பொய் நபிகள் தோன்றினார்கள். யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதானதால் ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்களிடம் குர்ஆனைத் தொகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. ஈராக்குக்கும் ஷாமுக்கும் படைகள் போயின. இவை எல்லாம் இரண்டே கால் வருடத்துக்குள். இவற்றை நீங்கள் அதிகம் கேட்டிருப்பீர்கள், நான் நிற்கவில்லை.

பொதுநிதியைப் பகிர்ந்த முறையை மட்டும் சொல்ல வேண்டும். வந்த பணத்தை ஆண், பெண், சுதந்திரமானவர், அடிமை, முந்தி இஸ்லாத்துக்கு வந்தவர், பிந்தி வந்தவர் என்று பாராமல் சமமாகக் கொடுத்தார். முந்தி வந்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாமா என்று உமர் (ரழி) உள்ளிட்டோர் கேட்டார்கள். அவர்கள் செய்த நன்மைக்குக் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, இது வயிற்றுப்பாடு, இதிலே சமம்தான் நல்லது என்பது அவருடைய நிலைப்பாடு. உமர் (ரழி) தன்னுடைய காலத்தில் அதை மாற்றித் தரம் பிரித்துக் கொடுத்தார். இரண்டுக்கும் நியாயம் உண்டு. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

இனிப்புக் கதையும் எல்லோருக்கும் தெரியும். மனைவி இனிப்பு கேட்டார், வாங்கக் காசில்லை என்றார். அவர் தினச் செலவில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்துக் காசைக் கொண்டு வந்து கொடுத்தார். இவ்வளவு இல்லாமலும் நம் வீடு நடக்கும் என்பது தெரிந்துவிட்டதே என்று அந்தத் தொகையைக் கொடுப்பனவிலிருந்து குறைத்துவிட்டார். பெண்கள் பக்கமிருந்து இந்தக் கதையைக் கேட்டால் கொஞ்சம் கோபம் வரும். என் மனைவிக்கு வந்தது. ஆனால் இதைக் கூட்டிக் கேட்ட கதையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். போதாதபோது கூட்டிக் கேட்டதும், மிஞ்சியபோது குறைத்ததும் ஒரே ஆளுடைய ஒரே கணக்கு. நாங்கள் பிந்தியதை மட்டும் சொல்லிச் சொல்லி முந்தியதை மறந்துவிட்டோம்.

ஹிஜ்ரி 13, ஜமாதுல் ஆகிர். குளிரான ஒரு நாளில் குளித்ததோடு காய்ச்சல் பிடித்தது. பதினைந்து நாள் படுக்கை. தொழுகை நடத்த உமர் (ரழி) அவர்களை அனுப்பினார். அந்த நாட்களில்தான் கடைசிக் கணக்கு நடந்தது. நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து என்னுடைய சொத்தில் என்ன கூடியிருக்கிறது என்று பாருங்கள், கூடியதை எனக்குப் பிறகு வருபவரிடம் அனுப்பிவிடுங்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் சொன்னார். பார்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்த ஒரு வேலையாள், தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகம், ஐந்து திர்ஹம் பெறுமதியான பழைய துணி ஒன்று. இதோடு நிற்கவில்லை. அதுவரை பொதுநிதியிலிருந்து எடுத்த கொடுப்பனவுக்கு ஈடாகத் தன் காணியொன்றை விற்றுத் திருப்பிக் கட்டும்படியும் சொன்னார். மொத்தம் 6,000 திர்ஹம் என்று ஓர் அறிவிப்பு, 8,000 என்று இன்னொன்று. கபனுக்குப் புதுத் துணி வேண்டாம், உடுத்த பழையதைக் கழுவி எடுங்கள், புதியது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் தேவை என்றார். ஜமாதுல் ஆகிர் 22, கிறிஸ்து வருடம் 634 ஓகஸ்ட் 23, அறுபத்து மூன்று வயதில் வபாத்தானார்.

இதை முடித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. முதலில் கேள்வி கேட்ட அதே பையன்தான் மறுபடி எழும்பினான். அவர் தானாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார், எங்கள் ஊரில் அதை யார் பார்ப்பது என்றான். சொத்து விபரம் வெளிப்படுத்தும் சட்டம் 1975இலேயே வந்தது என்றும், இப்போது 2023ஆம் வருடத்து 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி உள்ளூராட்சி உறுப்பினர்களும் வருடாவருடம் சொத்துப் பொறுப்பு விபரம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். முன்னாள் ஜனாதிபதிமாரின் வீடு வாசல் சலுகைகளை 2025 செப்டெம்பரில் சட்டம் போட்டு நீக்கியதையும் சொன்னேன். ஐந்து வருடம் கதிரையில் இருந்த பாராளுமன்ற உறுப்பினருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் என்று 1977இல் வந்து அப்போது நடைமுறையில் இருந்த சட்டத்தையும் சொன்னேன். அவன் கொப்பியில் எழுதிக்கொண்டான். பரீட்சைக்கு வராது, ஆனாலும் எழுதினான்.

அந்தப் பிள்ளை கேட்டது வேறு. காணியை விற்றுக் கட்டிவிட்டால் அவருடைய மனைவி பிள்ளைகள் என்ன செய்தார்கள் சேர் என்றாள். நான் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி அதிலேதான் இருந்தது. அந்த வேலையாளையும் ஒட்டகத்தையும் துணியையும் உமர் (ரழி) அவர்களிடம் கொண்டுவந்து ஒப்படைத்தபோது அவர் அழுதார். தனக்குப் பிறகு வருபவர்களின் வேலையைக் கடினமாக்கிவிட்டுப் போய்விட்டாரே என்றார். பக்கத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) நின்றார். பெரிய வியாபாரி. சுப்ஹானல்லாஹ், ஒரு வேலையாள், ஓர் ஒட்டகம், ஐந்து திர்ஹம் துணி, இதையும் அந்தக் குடும்பத்திடமிருந்து எடுப்பீர்களா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். உமர் (ரழி) சம்மதிக்கவில்லை. மரண நேரத்தில் அவர் தன் கழுத்திலிருந்து இறக்கி வைத்ததை நான் அவர் குடும்பத்தின் கழுத்தில் திரும்ப ஏற்றமாட்டேன் என்ற கருத்தில் மறுத்துவிட்டார்.

பொதுநிதி வைத்திருந்த அறையைப் பிறகு திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு சாக்கை உதறியபோது ஒரு திர்ஹம் விழுந்தது.